பாவி யார்? பாவம் யார்?

(இளைஞர்களுக்கான படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கிறித்தவத்தில் பாவமும் மன்னிப்பும்' என்று தலைப்பு அறிவித்ததும் சில தோழர்கள் கேட்டார்கள்: சாதி ஒழிப்புக் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டுக் கிறித்தவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் காதில் விழுகிற முதல் சொல் 'பாவம்'. பூசை தொடங்கியவுடன், 'நான் பாவி' என்று மார்பில் தட்டிக்கொண்டுதான் அடுத்த வேலையே. ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அதனால் யாருக்கு லாபம் என்று நாம் கேட்க வேண்டாமா?

நான் தலித் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் முடித்தவன். இன்று கோவிலுக்குப் போகாதவன். ஆனால் போகிறவர்கள் என் தாய், என் அக்கா, என் தெரு. அவர்களைக் கேலி செய்ய நான் இங்கே நிற்கவில்லை.

தமிழில் 'பாவம்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. ஒருவன் திருடினால் 'பாவம் செய்தான்' என்கிறோம். திருட்டுக் கொடுத்தவனைப் பார்த்து 'ஐயோ, பாவம்' என்கிறோம். தீங்கு செய்தவனுக்கும் அந்தச் சொல்தான், தீங்கைச் சுமப்பவனுக்கும் அதே சொல்தான். ஒருவன் பாவி, இன்னொருவன் பாவம். நம் நாட்டுத் திருச்சபைகள் முதல் ஆளுக்கு ஒரு முழு இறையியலைக் கட்டி வைத்திருக்கின்றன. இரண்டாவது ஆளுக்கு என்ன வைத்திருக்கின்றன? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

எல்லோரும் பாவிகள் என்ற சமத்துவம்

கிறித்தவம் அறியாத தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடவுளின் சித்தத்தை மீறுவது பாவம். அதன் விளைவு சாவு. உடலின் சாவு மட்டுமல்ல, கடவுளிடமிருந்து அறுந்துபோவது. மனிதன் தன் முயற்சியால் இதிலிருந்து மீள முடியாது. கடவுளே இரங்கி, இயேசுவின் சிலுவைச் சாவின் வழியாக மீட்கிறார். உழைத்துச் சம்பாதிக்க முடியாத, தகுதி பார்க்காமல் கொடுக்கப்படுகிற இந்த இரக்கத்தைத்தான் சீர்திருத்தச் சபைகள் 'கிருபை' என்கின்றன, கத்தோலிக்கர் 'அருள்' என்கிறார்கள். இதோடு ஆதிப் பாவம் என்றும் ஒன்று உண்டு. ஆதாம் செய்த பாவத்தின் கறை எல்லா மனிதருக்கும் பிறப்பிலேயே வருகிறது என்பது அது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் பெலாகியுசோடு நடத்திய விவாதத்தில்தான் அது உறுதியான கோட்பாடாக வடிவம் பெற்றது.

'பிறப்பிலேயே வரும் கறை' என்றதும் உங்களுக்குக் காது கூசும். எனக்கும் கூசும். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். சாதி சொல்லும் கறை சிலருக்கு மட்டும் உரியது; படிக்கட்டு போல ஏறி இறங்குவது. ஆதிப் பாவக் கறை எல்லோருக்கும் ஒரே அளவு. அக்கிரகாரத்தில் பிறந்தவனும் சேரியில் பிறந்தவனும் ஒரே தண்ணீரில் கழுவப்பட வேண்டும். பிறப்பாலேயே தூய்மை கொண்டவன் என்று ஒருத்தனும் கிடையாது. தீட்டைச் சிலர் தலையில் மட்டும் கட்டி வைத்திருந்த நாட்டில் இது சாதாரணச் செய்தி அல்ல. ஊரின் முழுப் பழியையும் சுமந்த மக்கள், 'எல்லோரும் பாவிகள்' என்று கேட்டபோது, 'அப்படியென்றால் நாங்கள் மட்டும் இல்லை' என்று கேட்டுக்கொண்டார்கள். ஞானஸ்நானத் தொட்டியை நோக்கி அவர்கள் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அம்பேத்கர் கண்ட ஆபத்து

மதம் மாறியவர்களின் நிலை பற்றி அம்பேத்கர் எழுதி, அவர் மறைவுக்குப் பிறகு அச்சான ஒரு கட்டுரை உண்டு. அதில் அவர் இந்த இடத்தில்தான் விரல் வைக்கிறார். தீண்டப்படாதவர் இந்துவாக இருந்தபோது, 'உன் இழிநிலைக்கு முற்பிறவியில் நீ செய்த வினை காரணம்' என்று சொல்லப்பட்டது. கிறித்தவரானதும், 'உன் முன்னோர் செய்த பாவம் காரணம்' என்று சொல்லப்படுகிறது. காரணம் மாறியது, ஆனால் குற்றவாளி அவருக்குள்ளேயேதான் இருக்கிறார். அவரைத் தாழ்த்திய சமூகம் இரண்டு கணக்கிலும் குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை. தன் துயரத்துக்குக் காரணம் தன் பாவம் என்று நம்புகிறவர் அநீதியை எதிர்த்து எழ மாட்டார், மன்னிப்புக்காக மண்டியிடத்தான் செய்வார் என்பதே அம்பேத்கரின் கவலை.

இதே கேள்வி யோவான் நற்செய்தியில் இயேசுவிடம் கேட்கப்படுகிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பார்த்துச் சீடர்கள் கேட்கிறார்கள்: இவர் இப்படிப் பிறக்க யார் செய்த பாவம் காரணம், இவரா, இவருடைய பெற்றோரா? இவரும் இல்லை, பெற்றோரும் இல்லை என்பது இயேசுவின் பதில். வினைக் கணக்கை ஒரே வாக்கியத்தில் கிழித்துப் போட்ட பதில் அது. ஆனால் நான் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களில் அந்தக் கதை பார்வை கிடைத்த அற்புதமாக முடிந்துவிடும். கண் தெரியாதவர்மேல் பழி போட்ட அந்தக் கேள்வி தவறு என்று யாரும் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை.

பந்தியில் பிறந்த கிருபை

கிருபையால்தான் மனிதன் நீதிமானாகிறான் என்பது பவுலின் புகழ்பெற்ற கோட்பாடு. லூத்தரின் சீர்திருத்தம் முழுக்க இதன்மேல்தான் நின்றது. குற்ற உணர்வால் தவிக்கும் தனிமனிதன் கடவுள் முன் நிற்கும் காட்சியாகத்தான் இதை நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கோட்பாடு எந்தச் சண்டையிலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

இடம் அந்தியோகியா. யூதக் கிறித்தவர்களும் யூதரல்லாத கிறித்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தலைமைச் சீடரான பேதுருவும் அந்தப் பந்தியில் இருக்கிறார். யாக்கோபின் ஆட்கள் சிலர் வருகிறார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பேதுரு பந்தியை விட்டு மெல்ல விலகுகிறார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகுகிறார்கள். பவுலோடு ஊர் ஊராகச் சுற்றிய பர்னபாவும்கூட விலகுகிறார். பவுல் எல்லோர் முன்னாலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகத்தான், சட்டத்தின் செயல்களால் அல்ல, நம்பிக்கையால்தான் மனிதன் நீதிமானாகிறான் என்ற வாதத்தைப் பவுல் எழுதுகிறார்.

யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற தகராறில் பிறந்த கோட்பாடு அது! பந்தியில் பிரிந்து உட்கார்ந்தால் கிருபையை மறுத்தாய் என்று பொருள். அந்த இடத்தில் பவுல் பேதுருவிடம், 'உன் மனசாட்சி சுத்தமா?' என்று கேட்கவில்லை. ஏன் இலையை விட்டு எழுந்தாய் என்றுதான் கேட்டார்.

பாவப் பட்டியலிலிருந்து சாதி நழுவிய கதை

இந்தக் கடிதம் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. இங்கே என்ன நடந்தது?

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பார்ப்பனர்களை மதம் மாற்ற அவர்களைப் போலவே வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் ஆகியவை வெறும் சமூக வழக்கங்கள், மதம் அல்ல என்று வாதாடினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு அனுமதி கொடுத்தார். தாழ்ந்த நிலையில் உள்ளவர்களை வழிபாட்டில் இகழக் கூடாது என்று அதே ஆணை அறிவுரையும் சொன்னது. அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. அறிவுரை காகிதத்தில் தங்கியது.

சீர்திருத்தச் சபையில் மட்டும் வேறா? தரங்கம்பாடி லுத்தரன் மிஷனில் 1733இல் முதல் தமிழ் குருவாக ஆரோன் அபிஷேகம் செய்யப்பட்டார். அவர் வேளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் தஞ்சைப் பகுதியில் கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தார். படைவீரராக இருந்து வந்தவர், பறையர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயர் தள்ளிப் போனது. அவர் கையால் வேளாளர்கள் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள் என்பதே காரணம். 1741இல் தியாகு என்ற இன்னொரு வேளாளர் குருவானார். அந்தியோகியாவில் பேதுரு பயந்த அதே பயம்தான். கண்டிக்க ஒரு பவுல் இங்கே இல்லை.

1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் தஞ்சாவூரில் எல்லோரும் கலந்து உட்கார வேண்டும் என்று சொன்னபோது, வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுக்காக எழுதியவர் வேதநாயக சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும் கவிஞர். சாதி உலக வழக்கம், அது பாவம் அல்ல, வேதத்துக்கு விரோதமும் அல்ல என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பலர் சாதியை விடவில்லை. சபையை விட்டு வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து உண்ண வேண்டும் என்று தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அதில் சேரவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த விவாதம் முழுவதும் ஒரே சொல்லைச் சுற்றித்தான்: 'வழக்கம்'. வழக்கம் என்று சொல்லிவிட்டால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாததற்கு மனஸ்தாபம் வேண்டியதில்லை. பரிகாரமும் வேண்டியதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது பாவங்களை நினைத்துப் பார்க்க ஒரு பட்டியல் மனப்பாடம் செய்வோம். பொய் சொன்னது, பூசைக்குப் போகாதது, அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படியாதது, கெட்ட எண்ணம் எல்லாம் இருந்தது. எங்கள் ஊரில் தேர்த் திருவிழா அன்று புனிதரின் தேர் எங்கள் தெருவுக்கு மட்டும் வராது. அந்தத் தேரை மறிப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. தேரைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் மறுநாள் காலையில் நன்மை வாங்கினார்கள், சுத்தமான மனசாட்சியோடு.

சம்பளம் யாருக்கு?

பாவத்தின் சம்பளம் சாவு என்று பிரசங்கம் செய்கிறார்கள். சாதி என்ற பாவத்தில் சம்பளக் கணக்கு தலைகீழ். ஒருவன் பாவம் செய்கிறான், இன்னொருவன் சம்பளம் வாங்குகிறான்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து உட்கார இரு கூறாகக் கட்டப்பட்ட கோவில் இருந்தது. 1910இல் பங்குக் குரு கௌசானல் நடுத்தடுப்பை அகற்றினார். பிரிவு வேண்டும் என்று பிள்ளைமார் வழக்குத் தொடுத்தார்கள். 1916இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உரிமையை மறுத்தது. கோவிலுக்குள் சாதியை இடிக்க வெள்ளைக்கார நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் எழுந்து நின்றது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள், உயிர்த்தெழும் நாளிலும் தனித்தனியாக எழுந்திருக்க ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

எறையூர் நினைவிருக்கிறதா? தலித் கிறித்தவர்கள் தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். பெரிய கோவிலில் தங்களுக்குச் சம இடம் இல்லாததால்தான் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறித்தவர்கள் அவர்கள் தெருவைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் இருவர் இறந்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் செத்தவர்களும் ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

அரசு என்ன செய்தது? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்னும் வெளியே. சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற தோழர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதைக் காட்டவில்லை என்று 1985இல் அவர் வழக்கு தள்ளுபடியானது. 2023இல் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்கு அந்தத் தகுதி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தக் கோரிக்கையில் நாம் உறுதியாக நிற்கிறோம்.

ஆனால் திருச்சபையின் இரட்டை நாக்கையும் பார்க்கிறோம். டெல்லியில் போய், 'எங்களுக்குள் சாதி இருக்கிறது, சலுகை கொடுங்கள்' என்கிறார்கள். பீடத்தில் நின்று, 'கிறிஸ்துவில் சாதி இல்லை' என்கிறார்கள். இருக்கிறது என்றால், அதைச் செய்கிறவர் யார்? பெயர் என்ன? எந்தப் பங்கில்?

மலிவான கிருபை

திருச்சபை ஒன்றுமே சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1982இல் இந்திய ஆயர்கள் சாதிக்குக் கிறித்தவத்தில் இடமில்லை என்றார்கள். 2003இல் போப் இரண்டாம் யோவான் பவுல் தமிழ்நாட்டு ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. சாதி பாவம் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. ஆனால் பாவி என்று இன்னும் ஒருவரும் ஏறவில்லை. பாவி இல்லாத பாவம் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

இட்லரை எதிர்த்து 1945இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், 1937இல் வெளியிட்ட நூலில் 'மலிவான கிருபை' என்று ஒன்றைச் சொன்னார். மனம் மாறாமலே, விலை கொடுக்காமலே கிடைக்கும் மன்னிப்பு அது. நம் ஊரில் சாதிக்குக் கிடைப்பது அதைவிடவும் மலிவு. மன்னிப்புக் கேட்கக்கூட வேண்டாம்.

லூக்கா நற்செய்தியில் சக்கேயு என்ற வரி வசூலிப்பவர் வருகிறார். அவர் வெறுமனே அழுதுவிட்டுப் போகவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பிடுங்கியதற்கு நான்கு மடங்கு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகுதான், இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் இயேசு. கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இதையே சொல்கிறது: மன்னிப்பு பாவத்தை நீக்கும், பாவத்தால் விளைந்த சேதத்தைத் தானாகச் சரிசெய்துவிடாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது நான் கண்டுபிடித்த புரட்சி அல்ல. அவர்கள் புத்தகத்தில் அவர்களே எழுதி வைத்திருப்பது.

1980இல் மெல்பர்னில் நடந்த உலக மிஷன் மாநாட்டில், ஹாங்காங் தொழிலாளர்களிடையே வேலை செய்த ரேமண்ட் ஃபங் ஒரு கேள்வி எழுப்பினார். மனிதர் பாவம் செய்கிறவர் மட்டுமல்ல, பாவத்துக்கு இரையாகிறவரும் கூட. அவர்களுக்கு நம் நற்செய்தி என்ன? தமிழ்தான் 'ஐயோ, பாவம்' என்று எப்போதோ சொல்லி வைத்திருக்கிறதே! அதற்கு அடுத்த ஆண்டு பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் வளர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பறையோடும் நாட்டுப்புற மெட்டோடும் வழிபாட்டை அமைத்த தியாஃபிலஸ் அப்பாவு, நாம் பறட்டை அண்ணன் என்று அழைப்பவர், 'ஒரு ஒலை' என்றார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதுதான் இறையாட்சி. அந்தியோகியாவின் பந்தியை அவர் மதுரைக்குக் கொண்டுவந்தார்.

நாம் என்ன கேட்கிறோம்?

பகுத்தறிவாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 'கடவுளே இல்லை, பாவமாவது கிருபையாவது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் என் அக்கா தன் தெருவுக்குத் தேர் வர வேண்டும் என்று நிற்கும்போது, அது கடவுளைப் பற்றிய விவாதம் அல்ல. உரிமைச் சண்டை. அவள் பக்கத்தில் நிற்க அவள் நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை.

திருச்சபையிடம் நாம் கேட்பது புதிய கோட்பாடு அல்ல, பழைய கோட்பாட்டின் பாக்கி. சாதியைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவமாகப் பங்குதோறும் அறிவியுங்கள். கல்லறைச் சுவர் நிற்கிற இடத்தில் அது இடிந்த பிறகு உயிர்ப்பு ஞாயிறு கொண்டாடுங்கள். தேர் எல்லாத் தெருவுக்கும் போகட்டும். இல்லையென்றால் தேரே வேண்டாம். உங்கள் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகளில் எத்தனை தலித் கிறித்தவர்கள் வேலையில் இருக்கிறார்கள், எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்ற கணக்கை வெளியிடுங்கள். சக்கேயு கணக்குச் சொன்னார், நீங்களும் சொல்லுங்கள்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் தலித் கிறித்தவத் தம்பி தங்கைகளுக்கு. கோவிலுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போனால், மார்பில் தட்டும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் செய்த தப்புக்குத் தட்டுங்கள்; உங்களுக்குச் செய்யப்பட்டதற்குத் தட்டாதீர்கள். அது உங்கள் பாவம் அல்ல. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் அல்ல. அவர்கள் பெரும்பாலும் உங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜெய் பீம்!